ஆறு டாக்டர்கள் ஒரு நோட்டு வாங்கினார்கள்

கண்ணாடிக் குடுவை கழுவும் வேலையில் ஆசிட் பட்டுக் கை போனவர்களைவிட, காகிதம் போய் வேலை போனவர்கள்தான் அதிகம்.

ஹப்சிகுடாவில் ஒரு சின்ன மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் நான் கழுவுகிறவளாக இருந்தேன். கம்ப்யூட்டர் படித்தவர்களை ஏற்றிக்கொண்டு ஏ.சி. பஸ்கள் போக ஆரம்பித்திருந்த காலம். எங்கள் கம்பெனிக்கு பஸ் கிடையாது, ஆனால் ஆறு டாக்டர்கள் உண்டு. ஊசி போடுகிற டாக்டர்கள் இல்லை. படித்துக்கொண்டே இருந்து கடைசியில் பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டவர்கள். அவர்கள் பேசியதெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

படித்தவர்கள் பின்னால் துடைப்பத்தோடு நடக்கிற என் சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. பெயரை மாற்றிக்கொண்டால் உங்கள் ஆபீஸ் கதைதான் இது.

யாதம்மாவின் குப்பைக்கூடை

சேர்ந்த அன்றைக்கே ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் சுந்தரேசன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அங்கே என்னைத் தவிர அவர் ஒருவர்தான் தமிழ். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறின குடும்பம் என்பதால் தமிழில் பாதி இந்தி கலந்திருக்கும், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பார், ஆமாம் என்பதற்கு ஹவ் என்பார். எனக்கு முன்னால் இருந்த யாதம்மா ஏழு வருஷம் கழுவினாளாம். ஒருநாள் மேஜையில் கசங்கிக் கிடந்த துண்டுக் காகிதத்தைப் பெருக்கிக் கூடையில் போட்டிருக்கிறாள். அதில்தான் ஒரு டாக்டர் அந்த வாரம் நிறுத்த எடையெல்லாம் குறித்து வைத்திருந்தாராம். மறுநாள் யாதம்மா வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்காரருக்கு பாலாநகரில் ஒரு பட்டறையில் வேலை. ஒரு வாரம் ஷிப்ட் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. குஷாய்குடாவில் மகளை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். என் வேலையை நம்பித்தான் சேர்த்தோம். யாரிடமும் வாய் திறந்து பேசத் தெரியாத எனக்கு, கிடைத்த ஒரே வேலை இது. எதை எறியலாம், எதை எறியக்கூடாது என்று தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சுந்தரேசன் சார் சொன்னார்: "எழுத்து இருந்தா எறிய நக்கோ. பஜ்ஜி மடிச்ச காகிதமா இருந்தாலும் எடுத்து வச்சு, கையில குடு."

இடது கை கிளவுஸ்

அன்றிலிருந்து கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்தேன். எழுத்து இருக்கிற எல்லாம் அதற்குள் போகும். ஒரு மாதத்தில் டப்பா நிறைந்தது. டிஷ்யூ பேப்பர், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மருந்து வடிகட்டும் வட்டத் தாள், ஒரு கல்யாணப் பத்திரிகை. இந்த டாக்டர்கள் எழுதாத இடம் சுவர் ஒன்றுதான். அதுவும் பெயிண்ட் புதிது என்பதால் தப்பித்தது.

என் மகளின் ஸ்லேட்டுப் பலகைகூட அவளுக்கென்று ஒரு இடத்தில் இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருநாள் ஆறு பேரில் ஒருவரான லாவண்யா மேடம் நேராகத் தொட்டிப் பக்கம் வந்தார். நல்ல மாதிரி, சிரித்த முகம், ஆனால் அன்றைக்கு முகம் வெளுத்திருந்தது. கிளவுஸ் குப்பையை நான் அதற்குள் கட்டி வெளியே வைத்திருந்தேன். அவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "மாரீஸ்வரி, நேத்து நான் கழட்டின இடது கை கிளவுஸ் எது? அதுலதான் மெல்டிங் பாயிண்ட் எழுதியிருக்கேன்."

நீலமா பச்சையா

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுக்கு வேலை கொடுக்கிறதாகப் பேச்சு வந்தது. அவர்கள் ஆறு மாதத்தில் வந்து பார்ப்பார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நோட்டில் எழுதியிருக்க வேண்டும். சரியாக வந்த சோதனை, வீணாய்ப் போன சோதனை எல்லாம் வரிசையாக அதில் இருக்க வேண்டும். ஒரு தாளும் குறையக்கூடாது. இதைக் கேட்டதும் கும்பிட்டுக்கொண்டேன். டப்பாவுக்கு இனி வேலை இருக்காது, எனக்கு வேலை இருக்கும்.

தலைமை டாக்டர் ராவ் சார் கமிட்டி போட்டார். ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். மேஜையில் எட்டு மாதிரி நோட்டுகள். நான் டீ கொண்டுபோனபோது அட்டை நீலத்தில் இருக்கலாமா பச்சையில் இருக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டம்ளர் எடுக்கப் போனபோதும் அதையேதான் பேசினார்கள். ஒருவர் கையும் நோட்டின் முதுகுப் பக்கம் போகவில்லை. சேலை எடுக்கப் போனால்கூட நாம் முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். இங்கே இரண்டு மணி நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே தாள் எப்படி என்று பார்த்தால் என்ன என்று சுந்தரேசன் சார் மெதுவாகக் கேட்டார். ராவ் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கலர் முடிவாகாம உள்ளே எப்படிப் போறது, சுந்தரேசன்?"

காகிதமே வேண்டாம்

நடுவில் ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்தார். கழுத்துப்பட்டை, மடியில் வைக்கிற கம்ப்யூட்டர், சட்டைப்பையில் இரண்டு செல்போன். இனி உலகத்தில் நோட்டே கிடையாது, எல்லாம் இதற்குள் என்றார். டாக்டர்கள் ஆறு பேரும் சர்க்கஸ் பார்க்கிற மாதிரி சுற்றி நின்றார்கள். ஊரே கம்ப்யூட்டர் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, தாங்கள் மட்டும் குடுவையோடு நின்றுவிட்டோமே என்கிற ஏக்கம் அவர்களுக்கு இருந்தது.

எங்கே வைத்து எழுதுவது என்று லாவண்யா மேடம் கேட்டார். மேஜையில் வைத்துக் காட்டுகிறேன் என்று கம்ப்யூட்டர்காரர் ஒரு இடத்தில் வைத்தார். அங்கே ஈரம். தள்ளி வைத்தார். அங்கே அடுப்பு. இன்னும் தள்ளி வைத்தார். அங்கே ஆசிட் பாட்டில். கரண்டும் அந்த நேரம் பார்த்துப் போனது. அரை மணி நேரம் ஆகியும் அந்தப் பெட்டியை வைக்க இடம் கிடைக்கவில்லை. கடைசியில் அதைக் குழந்தை மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டு லாவண்யா மேடத்திடம் கேட்டார்: "மேடம், இந்த ஆசிட் வேலையை மட்டும் வேற பில்டிங்ல வச்சுக்க முடியாதா?"

ஸ்பைரல் மாதம்

முதலில் ஸ்பைரல் நோட்டு வந்தது. அதைக் கேட்டு வாங்கியவர் டாக்டர் கிரண். ஆறு பேரில் வயதில் சின்னவர், தலைக்கு எண்ணெய் வைக்காமல் எதையோ வைத்து நிறுத்தியிருப்பார். நன்றாக விரியும், கைக்கு வசதி என்று வாதாடினார். விரிந்தது உண்மை. கோட்டுப் பித்தானில் மாட்டி இழுத்துக்கொண்டு தொட்டிக்குள் விழுந்ததும் உண்மை.

எனக்குத் தெரிந்தது வேறு. ஸ்பைரலிலிருந்து தாளைக் கிழித்தால் ஓட்டை விளிம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கீழே கொட்டும். காலையில் பெருக்கும்போது யார் மேஜைக்கு அடியில் எவ்வளவு பொடி என்று பார்த்தால் போதும், முந்தின நாள் யாருக்குச் சோதனை ஊற்றிக்கொண்டது என்று சொல்லிவிடுவேன். கிரண் சார் மேஜைக்கு அடியில் மட்டும் தினமும் ஒரு கைப்பிடி கிடைக்கும். சுந்தரேசன் சார் அதைப் பார்த்துவிட்டு, வீணான சோதனையையும் விட்டுவைக்கத்தானே சொல்லியிருக்கிறார்கள், எதற்குக் கிழிக்கிறீர்கள் என்று கேட்டார். கிரண் சார் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "தப்பை எல்லாம் எழுதி வச்சா நோட்டு சும்மா குண்டாயிடும் சார்."

தங்க எழுத்து

ஸ்பைரலை ஒழித்து ராவ் சார் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நீலம், பச்சை சண்டைக்குப் பஞ்சாயத்தாகக் கறுப்பு அட்டை. அதில் கம்பெனி பெயர் தங்க எழுத்தில். அத்தனை பேரும் கையில் வாங்கி முகர்ந்துகூடப் பார்த்தார்கள். நான் மேஜை துடைக்கிற சாக்கில் ஒன்றை விரித்து முதுகைப் பார்த்தேன். நூலே இல்லை. தாளை எல்லாம் அடுக்கி, முதுகில் வெறும் பசை தடவி ஒட்டியிருந்தது. சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. துடைப்பக்காரி சொல்லி எந்தக் கமிட்டி கேட்டது?

நான்காவது நாள் லாவண்யா மேடம் மேஜையில் அசிட்டோன் கவிழ்ந்தது. பசையைக் கரைப்பதற்கென்றே பிறந்த திரவம் அது, குடுவையில் ஒட்டின லேபிளை எடுக்க நானே தினமும் அதைத்தான் தொட்டுத் துடைப்பேன். நோட்டைத் தூக்கினார், அட்டை மட்டும் கையோடு வந்தது. நூற்றுச் சொச்சம் தாளும் தரையில். நானும் அவரும் மண்டி போட்டுப் பொறுக்கினோம். பக்க எண் கிடையாது, அதனால் எது முன்னால் எது பின்னால் என்று அவருக்கே தெரியவில்லை. ராவ் சார் வந்து, வெறும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா, பேரு ஒரு எழுத்துகூட அழியலை."

பாரம்

அன்றைக்குச் சாயங்காலம் சுந்தரேசன் சார் ஸ்டோரில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். டீ வைத்துவிட்டு, போகாமல் நின்றேன். என்ன என்றார். எனக்கு இந்த நோட்டு சங்கதி தெரியும் என்றேன்.

நான் சிவகாசிப் பக்கம். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, கல்யாணம் ஆகிற வரைக்கும் பைண்டிங் ஆபீசில் இருந்தேன். பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும், அதுதான் ஒரு பாரம். நடு மடிப்பில் நூல் விட்டுத் தைக்க வேண்டும். அப்படிப் பாரம் பாரமாகச் சேர்த்துத் தைத்தால் அசிட்டோன் என்ன, கிணற்றில் போட்டாலும் தாள் பிரியாது. பக்க எண்ணை அச்சிலேயே போட்டுவிட வேண்டும். இன்னொன்றும் சொன்னேன். பாரத்தில் முன்னால் இருக்கிற ஒவ்வொரு தாளும் பின்னால் இருக்கிற ஒரு தாளோடு ஒரே துண்டு, நடுவில் மடித்தது. முன்னதைக் கிழித்தால் பின்னதற்குப் பிடிமானம் போய்விடும், ரெண்டு நாளில் அதுவும் தானாகக் கழன்று விழும். அதனால் தைத்த நோட்டில் திருட்டுத்தனமாகக் கிழிக்க முடியாது. சுந்தரேசன் சார் அத்தனையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் கமிட்டியில் தன் யோசனையாகச் சொன்னார். ராவ் சார், இதற்குத்தான் அனுபவம் வேண்டும் என்பது என்று அவரைத் தட்டிக்கொடுத்தாராம். கிழித்தால் கழன்று விழும் என்பதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதாம். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் பேரைச் சொன்னா அந்த நோட்டை வாங்க மாட்டாங்க மாரீஸ்வரி, ஹவ், நெஜமாத்தான் சொல்றேன்."

ஒரு தாள்

தைத்த நோட்டு வந்து மூன்று மாதம் நிம்மதியாகப் போனது. டப்பா காலியாகவே கிடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில் பெருக்கும்போது கிரண் சார் மேஜைக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. ஒரு பக்கம் நாற்பத்துமூன்று, மறுபக்கம் நாற்பத்துநான்கு. இரண்டு பக்கமும் எழுத்து. அவர் இன்னும் வரவில்லை. மேஜையில் வைத்தால் எதையாவது கவிழ்ப்பார்கள் என்று டப்பாவில் வைத்தேன்.

பதினொரு மணிக்கு வந்தவர் கத்த ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் சரியாக வந்த ஒரே சோதனையாம், நாற்பத்துமூன்றைக் காணோம். ஓடிப்போய் எடுத்து நீட்டினேன். அந்த மனிதர் தாளையும் என்னையும் பார்த்தார். தாள் கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இல்லை. இவள்தான் கிழித்திருக்கிறாள் என்றார். ராவ் சார் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அவர் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வருகிறவர்களிடம் கழுவுகிற பெண் தெரியாமல் கிழித்துவிட்டாள், அவளை நிறுத்திவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது என்றார். என் கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். யாதம்மாவை நினைத்தேன். அவளாவது நிஜமாகவே ஒரு காகிதத்தை எறிந்தாள். நான் எடுத்து வைத்தவள். நாளைக்கு வேறு எங்கே போய்க் கேட்டாலும் தாள் கிழித்தவள் என்றுதானே சொல்வார்கள்?

கிரண் சாருடைய நோட்டு மேஜையில் விரித்தபடி கிடந்தது. நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் நூல் தெரிந்தது. அதுதான் பாரத்தின் நடு. நடுவிலிருந்து பின்பக்கம் இரண்டாவது தாள் நாற்பத்துமூன்று. அப்படியானால் அதன் ஜோடி, நடுவிலிருந்து முன்பக்கம் இரண்டாவது தாள். விரலை மடக்கி எண்ணினேன். முப்பத்தேழு. அதைத் தெலுங்கில் சொல்ல எனக்கு வரவில்லை. சுந்தரேசன் சாரைப் பார்த்து, "முப்பத்தேழாம் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க சார்" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தானே நோட்டை எடுத்துத் திருப்பினார். முப்பத்தாறு. அடுத்தது முப்பத்தொன்பது.

முப்பத்தேழையும் இவள்தான் எடுத்திருப்பாள் என்றார் கிரண் சார். அப்போது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "ரெண்டு தாள் காணோம்னா ரெண்டையும்ல தேடணும்? காலையிலருந்து சார் நாப்பத்துமூணை மட்டுந்தானே தேடுறாரு. முப்பத்தேழைத் தேடவே இல்லையே, அது எங்க போச்சுன்னு அவருக்குத் தெரியுமோ?" என்றேன். சுந்தரேசன் சார் அதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். இந்தத் தடவை மாரீஸ்வரி கேட்கிறாள் என்று என் பேரையும் சொன்னார். ராவ் சார் கிரண் சாரைப் பார்த்தார். கிரண் சார் தரையைப் பார்த்தார். வீணாய்ப் போன சோதனை அந்த முப்பத்தேழில் இருந்திருக்கிறது, நோட்டு குண்டாகக்கூடாது என்று எடுத்துவிட்டார். அதன் ஜோடி கழன்று விழும் என்று அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை போலிருக்கிறது. கடைசியில் அழாத குறையாக ராவ் சாரிடம் சொன்னார்: "சார், சத்தியமா நான் ஒரு தாள்தான் கிழிச்சேன்."

கமிட்டியின் தேர்வு

ராவ் சார் என் அடையாள அட்டையை விரல் நுனியால் மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். படித்தவர்கள் மன்னிப்புக் கேட்கிற முறை அது என்று எடுத்துக்கொண்டு கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தாளைக் கிழித்தது தான்தான் என்று கிரண் சாரைக்கொண்டே முப்பத்தொன்பதாம் பக்கத்து ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார்கள். மறுநாளே சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். சுந்தரேசன் சார் படித்துச் சொன்னார்: கழுவும் பணியாளர் நோட்டுகளைத் தொடக்கூடாது. கிழித்த டாக்டர் தொடலாமா என்று அதில் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்தார். அட்டையின் கலரை அவர் பார்க்கவே இல்லை. கிரண் சாருடைய நோட்டை வாங்கி நடுவில் விரித்தார், நூலை நகத்தால் சுண்டிப் பார்த்தார், அப்புறம் நான் எண்ணிய மாதிரியே முன்னும் பின்னும் விரல் விட்டு எண்ணினார். ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். தொட்டியில் நான் குடுவை தேய்த்துக்கொண்டிருந்தேன். நோட்டு நன்றாக இருக்கிறது, யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டாராம். சுந்தரேசன் சார் இருமினார். ராவ் சார் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதில் எனக்கே புரிகிற இங்கிலீஷில் இருந்தது: "எங்கள் கமிட்டி மேடம், ஆறு டாக்டர்கள், ஆறு மாதம்."

ஒரு தாளைக் கிழித்தால் இன்னொரு தாளும் கூடவே வரும் என்று தெரிந்துகொள்ள ஆறாம் வகுப்பு போதுமாக இருந்தது, தெரியாமல் இருப்பதற்குத்தான் பாவம் அவர்கள் அத்தனை வருஷம் படிக்க வேண்டியிருந்திருக்கிறது.